ஏழே முக்கால் பஸ்ஸும் மந்தையம்மனும்

உக்காருங்க தாயி, நல்லாத் தள்ளி உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். அந்தா, முன்னாடி சன்னலோரமா பச்சைச் சுடிதார் போட்டு ஒரு பிள்ளை இருக்கு பாருங்க, அதுதான் எம் மக. யோகலட்சுமி. பக்கத்துல எடம் காலியாத்தான் இருக்கு. அங்க போயி உக்காரலையான்னு கண்டக்டரு கூடக் கேட்டாரு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு. போன வெள்ளிக்கிழமை ஊரே பாக்க அவ கால்ல விழுந்து எந்திரிச்சவ நான். பெத்த மக கால்ல. அப்படி விழுந்துட்டு, இன்னைக்குப் பக்கத்துல உக்காந்து கடலை வாங்கித் தரவான்னு எப்படிக் கேக்குறது?

சிரிக்காதீக. கேட்டா நீங்களும் அப்படித்தான் உக்காந்திருப்பீக. கோயமுத்தூரு வரைக்கும்தான வாரீக? அப்பச் சரி, சொல்லுறேன்.

நான் எங்க ஊரு மந்தையம்மனுக்குச் சாமியாடி. இருளாயின்னு பேரு. மேலூருக்குத் தெக்க, உள்ளடங்குன ஊரு. மத்த நாள்ல களை எடுக்கப் போவேன், நூறு நாள் வேலைக்குப் போவேன், எல்லாரையும் மாதிரிதான். உருமியும் கொட்டும் சேந்து அடிச்சா அம்மன் எம்மேல எறங்கும். எங்க மாமியா மேல எறங்குன அம்மன். அவுக போனப்புறம் எம்மேல வந்துச்சு. வந்துட்டா நான் என்ன பேசுறேன்னு எனக்குத் தெரியாது. இதை முதல்லயே சொல்லிக்கிறேன். பின்னால கேட்டுட்டு, "அதெப்படி"ன்னு நீங்களும் எங்க ஊர்க்காரனுக மாதிரி இழுக்கக் கூடாது.

எங்க ஊர்ல ஒரு கட்டுப்பாடு. பங்குனியில காப்புக் கட்டிட்டா, திருவிழா முடியிற வரைக்கும் உள்ள இருக்கவுக எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. வெளிய இருந்து வாரவுக வரலாம். வந்தா வந்ததுதான், திரும்பப் போக முடியாது. அவசரம்னா என்ன செய்வீகன்னு கேக்குறீக. அவசரத்தை உள்ளயே வச்சுப் பாத்துக்கிறணும். எங்க மாமியா காலத்துல இருந்து அப்படித்தான்.

நடுவுல கோயில் வேலை நடந்துச்சுன்னு அஞ்சாறு வருசம் திருவிழாவே இல்ல. வேலை முடிஞ்சு ஊர் கூடி நாள் குறிச்சாக. குறிச்ச அந்தச் செவ்வாக்கிழமையைப் பாத்தா, அதே வாரத்துலதான் பத்தாம் வகுப்புப் பரீச்சை ஆரம்பிக்குது. எங்க ஊரு பள்ளிக்கூடம் எட்டோட சரி. அதுக்கு மேல படிக்கணும்னா எல்லைக் கல்லைத் தாண்டி, ரோட்டுல நின்னு பஸ் ஏறிப் போகணும். பரீச்சையும் அங்கதான். அந்த வருசம் எம் மக பத்தாவது. அவளோட சேந்து இன்னும் நாலஞ்சு பொம்பளப் பிள்ளைக. எங்க ஊர்ல அத்தனை பொம்பளப் பிள்ளைக பத்தாவது வரைக்கும் வந்ததே அதுதான் முதத் தடவை. முன்னாடியெல்லாம் எட்டு முடிஞ்சா பஞ்சு மில்லு வேலைக்கு வேன் வந்து ஏத்திட்டுப் போயிரும்.

எட்டாவது வரைக்கும் இருக்க பள்ளிக்கூடத்துல சகாயமேரின்னு ஒரு டீச்சரு. பிள்ளைகளைப் பத்தாவதுல கொண்டுபோயிச் சேத்தது அந்தம்மாதான். நாள் குறிச்சதைக் கேட்டுட்டு வீடு வீடா வந்துச்சு. நாங்க கம்மாயில மண்ணு அள்ளுற எடத்துக்கே வந்து, வெயில்ல நின்னு பேசுச்சு. "ஒரு பத்துப் பதினஞ்சு நாளு தள்ளி வைங்க. இல்லேன்னா பிள்ளைகளை மட்டுமாவது விடுங்க. இந்த வருசம் விட்டா இதுக அடுத்த வருசம் எழுதாது, மில்லு வேன்ல ஏறிரும்." எல்லாரும் தலையை ஆட்டுனாக. அந்தம்மா அங்கிட்டுப் போனதும், "அவுக சாமி வேற, நம்ம சாமி வேற, அவுகளுக்கு என்ன தெரியும்"னு மண்வெட்டியை எடுத்துக்கிட்டாக.

எங்க அம்பலாரு இருக்காரே, ஊருக்குப் பெரியவரு, அவரு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. "பரீச்சை வருசா வருசம் வரும். அம்மன் கோவிச்சா ஊரு இருக்காது." எங்க வீட்டுக்காரரு சோணைமுத்துவும் அதையேதான் சொன்னாரு. ஊரோட ஒத்துப் போகணுமாம். எம் மக புத்தகத்தை மூடி வச்சிட்டு அடுப்படியில வந்து உக்காந்து வெங்காயம் உரிச்சா. கேக்காமலே உரிச்சா. அது எனக்குப் பொறுக்கல. சண்டை போட்டிருந்தாக் கூடப் பொறுத்திருப்பேன்.

காப்புக் கட்டுக்கு முதல் நாளு சாயங்காலம் டீச்சரு மறுபடியும் எங்க வீட்டுக்கு வந்துச்சு. காப்பித் தண்ணி குடிச்சிட்டு, எந்தப் பரீச்சை என்னைக்கு, எத்தனை மணிக்கு உள்ள போகணும், எந்த பஸ்ஸு, எல்லாத்தையும் சொல்லிட்டு, "நீங்க நினைச்சா முடியும்"னு சொல்லிட்டுப் போச்சு. அது சொன்னதுக்கும் மறுநாள் நடந்ததுக்கும் ஒரு சம்மந்தமும் கெடையாது. இதை நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்.

மறுநாள் மந்தையில கொட்டு அடிச்சாக. பூசாரி காப்புக் கயித்தைத் தட்டுல வச்சுக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு வந்துருச்சு அருளு. என்ன நடந்துச்சுன்னு எனக்கு நினைப்பில்ல, மத்தவுக சொல்லித்தான் தெரியும். வேப்பங்கொலையை வாங்கி மூணு சுத்து சுத்தி, பூசாரி கையைப் பிடிச்சு நிறுத்திருச்சாம் அம்மன். "காப்பு அப்புறம் கட்டுடா. எம் பிள்ளைகளை யாருடா கட்டிப் போடுறது? எம் பிள்ளைக பரீச்சை எழுதப் போகும்டா. எல்லைக் கல்லுல நான் நிக்கிறேன். நான் கூட்டிட்டுப் போயி நான் கூட்டிட்டு வாரேன்."

அம்பலாரு கையைக் கட்டிக்கிட்டு, "தாயே, எத்தனை நாளைக்கு?"ன்னு கேட்டிருக்காரு.

"சமூக அறிவியல் முடியிற வரைக்கும்டா. காலையில ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் பிள்ளைக நிக்கணும். எவனாச்சும் மறிச்சா அவன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன். ஹால் டிக்கெட்டை எங் காலடியில வச்சுக் கொண்டு போகச் சொல்லு."

அதைத்தான் ஊர்க்காரனுக இன்னைக்கு வரைக்கும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாக. மந்தையம்மனுக்கு ஏழே முக்கால் பஸ்ஸு எப்படித் தெரியும்னு. ஏன் தெரியாது? அந்த பஸ்ஸு தெனமும் அம்மன் கோயில் வரைக்கும் கேக்குற மாதிரி ஆரன் அடிச்சிட்டுத்தான போகுது. மண்ணுக்குள்ள எங்க தண்ணி ஓடுதுன்னு சொல்லுற அம்மனுக்கு ரோட்டு மேல போற பஸ்ஸு தெரியாதா? சமூக அறிவியல்னா என்னன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லியிருப்பேன்? நீங்க படிச்சவுக, நீங்களே சொல்லுங்க.

அம்மன் வாக்கு ஆயிப்போச்சு. பூசாரி ஹால் டிக்கெட்டை எல்லாம் வாங்கி அம்மன் காலடியில வச்சாரு. வச்ச மனுசன் சும்மா குடுக்க வேண்டியதுதான? ஒவ்வொண்ணுலயும் பிள்ளைக போட்டோவுக்கு நேரா நெத்தியில குங்குமத்தை அப்பி, சந்தனத்தையும் தடவிக் குடுத்துட்டாரு. பரீச்சை மண்டபத்துல, "இது யாரு மொகம்மா"ன்னு நிறுத்திட்டாகளாம். மேரி டீச்சரு ஓடிப் போயி, கைக்குட்டையைத் தண்ணியில நனைச்சு, ஒவ்வொரு அம்மன் மொகமாத் தொடைச்சுப் பிள்ளை மொகமாக் காட்டி உள்ள அனுப்புச்சாம்.

அம்மன் சொல்லிட்டுப் போயிருச்சு, எல்லைக் கல்லுல நான் நிப்பேன்னு. நிக்கிறது யாரு? ஒடம்பு என்னோடதுதான? பரீச்சை நாளெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயி, பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு, வேப்பங்கொலையோட அந்தக் கல்லுகிட்டயே நின்னேன். பங்குனி வெயிலு. அங்கன ஒரு கருவேல மரம், அதுலயும் நெழலு கெடையாது. எங்க வீட்டுக்காரரு கஞ்சி கொண்டாந்து குடுத்துட்டு, "உங்க அம்மனுக்கு நிக்கிறதுக்கு வேற எடம் கெடைக்கலையா"ன்னு கேட்டாரு. பிள்ளைக திரும்பி வந்து கல்லைத் தாண்டி உள்ள கால் வச்சப்புறம்தான் நான் வீட்டுக்குப் போவேன். அத்தனை பேரும் பாஸு. எம் மக எங்க ஊர்ல முதல் மார்க்கு.

அந்த வருசம் நல்ல மழை பெஞ்சுச்சு. அதையும் ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

அதுக்கப்புறம் அம்மன் சும்மா இருக்கல. ஆடியில கூழு ஊத்துற அன்னைக்கு வேலுச்சாமின்னு ஒருத்தனைக் கூப்பிட்டு, "மகளை எங்கடா அனுப்புன? மில்லுல எம் பிள்ளை இருமிக்கிட்டு இருக்காடா, போயிக் கூட்டிட்டு வா"ன்னுச்சு. அவன் மறுநாளே போயிக் கூட்டிட்டு வந்துட்டான். மேரி டீச்சரு அவன் வீட்டுக்கு நடையா நடந்து செருப்பு தேஞ்சிருக்கும். டீச்சருக்குப் பயப்படாதவன் அம்மனுக்குப் பயந்தான். அதுல டீச்சருக்கு வருத்தமான்னு கேட்டேன். "பிள்ளை வந்தாச் சரி, யாரு கூப்பிட்டா என்ன"ன்னு சிரிச்சுச்சு. நல்ல மனுசி.

ஆனா ஊர்ல மொணமொணன்னு பேச்சு. "மழை எப்ப வரும்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குது. களவு போன ஆட்டைக் கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குது. பள்ளிக்கூடம்னா மட்டும் அம்மனுக்கு அருள் பொங்குது." எம் முதுகுக்குப் பின்னால என்னைய எச்செம்மு, பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சருன்னு கூப்பிட ஆரம்பிச்சானுக. கூப்பிடட்டும். எங் காதுல விழுகுற மாதிரி கூப்பிட ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல.

அம்பலாரு இருக்காருல்ல, அவரு சோதிச்சுப் பாத்துரணும்னு நின்னாரு. எலுமிச்சம்பழத்தை ஒளிச்சு வச்சு அம்மனை எடுக்கச் சொல்லுறது எங்க பக்கத்துப் பழக்கம். எடுத்துட்டா வந்தது அம்மன். எடுக்கலேன்னா ஆடுறவ வேசக்காரி. கூட்டத்தைக் கூட்டி, "தாயே, பழம் எங்க இருக்கு சொல்லு"ன்னு கேட்டாரு. அம்மன் அவரு முன்னாடி வந்து நின்னு கேட்டுச்சு: "பழத்தை ஒளிச்சு வச்சியே, உம் பேத்தியோட புத்தகப் பையை எங்கடா ஒளிச்சு வச்ச?"

கூட்டம் மொத்தமும் அவரு பக்கம் திரும்புச்சு. அவரு பேத்திக்கு மாப்பிள்ளை பாக்குறாருன்னு ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளை பதினொண்ணு படிச்சுக்கிட்டு இருந்துச்சு. பையைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டாரு. அந்தப் பிள்ளை எங்க வீட்டுல வந்து அழுதுச்சு, யோகாகிட்ட. அது வேற விசயம். மறுநாளு அந்தப் பிள்ளை ஏழே முக்கால் பஸ்ஸுக்கு நின்னுச்சு. பழமா? பழம் எங்க இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும். அதை அப்புறம் ஒருத்தரும் தேடல.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வாரேன். எம் மக பன்னெண்டு முடிச்சா. நல்ல மார்க்கு. கோயமுத்தூருல நர்சிங் காலேஜுல எடம் கெடைச்சிருச்சு. அங்கயே தங்கிப் படிக்கணும். நான் முடியாதுன்னுட்டேன்.

அப்படிப் பாக்காதீக. எம் விசயம் வேற. நான் படிக்கக் கூடாதுன்னா சொன்னேன்? மேலூருல காலேஜு இருக்கு, காலையில போயிட்டு சாயங்காலம் வந்துரலாம். கோயமுத்தூரு எங்க இருக்கு, எங்க ஊரு எங்க இருக்கு. பொம்பளப் பிள்ளை. ஒண்ணே ஒண்ணு. ராத்திரி காய்ச்சல்னு படுத்தா நெத்தியில கை வைக்க யாரு இருக்கா? காலம் எப்படிக் கெடக்கு. எங்க அண்ணன் மகனும் இருக்கான், பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்காக. மத்தவுக பிள்ளையைத் தடுத்தது அறியாமை. நான் சொன்னது பாசம். அது வேற, இது வேற.

மேரி டீச்சரு வந்துச்சு. அதே காப்பித் தண்ணி. எல்லாத்தையும் கேட்டுட்டு, மெதுவா, "மந்தையம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே இருளாயி"ன்னு சொல்லுச்சு. மொகத்துல சிரிப்பு இருந்துச்சான்னு எனக்குச் சரியாத் தெரியல. "அம்மன் ஊரு விசயத்துக்குத்தான் வரும், வீட்டு விசயத்துல தலையிடாது"ன்னு வெட்டி விட்டுட்டேன். எம் மக கேட்டுக்கிட்டேதான் இருந்தா. அன்னைக்கும் போயி வெங்காயம் உரிச்சா.

போன வெள்ளிக்கிழமை ஆடிக் கூழு. மந்தையில ஊரே இருக்கு. கொட்டு ஆரம்பிச்சிருச்சு. நான் தலையை அவுத்து விட்டுட்டு, வேப்பங்கொலையோட தயாரா நிக்கிறேன். அன்னைக்கு அம்மன் எறங்குனா என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். பிள்ளை பெத்தவ கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னுதான் சொல்லியிருக்கும். உருமி எனக்கு முதுகுத் தண்டுல ஏறுது. அப்பப் பின்னால டமார்னு ஒரு சத்தம்.

யோகா. கூழுப் பானையைக் கீழ போட்டு ஒடைச்சிட்டு நிக்கிறா. பின்னுன சடையை அவுத்து வீசிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடுறா. சாமியாட்டம்னாலே ஓரமா நின்னு போனை நோண்டுற பிள்ளை தாயி அது. "ஏம்மா இதெல்லாம்"னு என்னையவே கேட்டவ. அவ நேரா வந்து எங் கையில இருந்த வேப்பங்கொலையைப் பிடுங்கிக்கிட்டா.

"எம் பிள்ளையை எல்லை தாண்ட விடாம மறிக்கிறது யாருடி? நான் கோயமுத்தூருலயும் இருக்கேண்டி. பதினெட்டாம் தேதிக்குள்ள சேக்கணும். ஒரிஜினல் டிசியோட சேக்கணும்."

கொட்டு நிக்கல. ஊரு மொத்தமும் என்னையப் பாக்குது. புதுசா ஒருத்தி மேல அருள் வந்தா, வந்தது அம்மன்தானா இல்ல காத்துக் கருப்பான்னு பழைய சாமியாடிதான் சொல்லணும். அது முறை. பூசாரி விபூதித் தட்டை எங்கிட்ட நீட்டி, "இருளாயி, நீ சொல்லு. வந்திருக்கது யாரு?"ன்னு கேட்டாரு. அம்பலாரு கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவரு இந்த நிமிசத்துக்காகத்தான் இத்தனை வருசமாக் காத்துக்கிட்டு இருந்தாரு.

நான் எம் மக கண்ணைப் பாத்தேன். அருள் வந்த கண்ணு யாரையும் பாக்காது தாயி, தாண்டிப் போகும். இது என்னையப் பாத்துச்சு. பாத்துட்டுத்தான் தாண்டிப் போச்சு.

அவளுக்குப் பின்னால வேலுச்சாமி மக நிக்கிறா. மில்லுல இருந்து வந்தவ, இப்பப் பத்தாவது. அவளுக்குப் பின்னால அம்பலாரு பேத்தி. அங்கிட்டு இன்னும் கொஞ்சம் பிள்ளைக, அப்பன் ஆத்தாளோட. எல்லாரும் எம் வாயைப் பாத்துக்கிட்டு இருக்காக. இவ மேல வந்தது அம்மன் இல்லேன்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? எல்லைக் கல்லுல அன்னைக்கு நின்னது யாருடின்னு கேப்பாக. நாளைக்குக் காலையில ஏழே முக்கால் பஸ்ஸுக்கு எத்தனை பிள்ளை நிக்கும்?

எம் பிள்ளையை நானே அனுப்பி வைக்கணும். விபூதியை அள்ளி அவ நெத்தியில பூசினேன். "தாயே, உத்தரவு"ன்னு சத்தமாச் சொல்லி, நெடுஞ்சாண்கிடையா அவ கால்ல விழுந்தேன். ஊரே குலவை போட்டுச்சு.

அவ குனிஞ்சு எந் தலையில கையை வச்சா. கை சில்லுன்னு இருந்துச்சு. கொட்டுச் சத்தத்துல வேற ஒருத்தருக்கும் கேட்டிருக்காது, எனக்கு மட்டும் கேட்டுச்சு. "எந்திரிம்மா"ன்னா.

அம்மன் என்னைய ஒரு நாளும் அம்மான்னு கூப்பிட்டது இல்ல. எங்க மாமியா மேல எறங்குன காலத்துலயும் அடியேங்கும், இருளாயிங்கும். அன்னைக்கு அம்மான்னுச்சு. சரி, பிள்ளை மேல வந்த அம்மன், பிள்ளை பழக்கத்துல கூப்பிட்டிருக்கும். அப்படித்தான் இருக்கும்.

அதுல இருந்து நானும் அவளும் இதைப் பத்திப் பேசவே இல்ல. பெட்டி அடுக்குனோம், ஊறுகாய் போட்டோம், அவுக அப்பா தோள்ல பெட்டியைத் தூக்கி வந்து பஸ்ஸு ஏத்தி விட்டாரு. எல்லைக் கல்லைத் தாண்டும்போது அவ அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டா. நானும் கும்பிட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துக்கல. உள்ளதைக் கேட்டுரலாமேன்னு சொல்லுறீக. எதுக்குக் கேக்கணும்? நான் கேட்டா, அவளும் என்னையக் கேப்பாள்ல?

அந்தா, சிங்காநல்லூரு பஸ் ஸ்டாண்டு வந்துருச்சாம், எந்திரிச்சிட்டா. திரும்பிப் பாக்குறா பாருங்க. வாரேண்டி, இரு.

எங்க ஊருப் பக்கம் வந்தா, இருளாயி சொன்னாள்னு யாருகிட்ட வேணாலும் சொல்லுங்க. எம்மேல வந்ததும் மந்தையம்மன்தான், எம் மக மேல வந்ததும் மந்தையம்மன்தான். இல்லேங்கிறவன் வந்து அந்தப் பங்குனி வெயில்ல எல்லைக் கல்லுகிட்ட ஒரு நாளு நின்னு பாக்கட்டும். கொஞ்சம் வழி விடுங்க தாயி, பையோட எறங்கிக்கிறேன். அவ பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்து வந்திருக்கலாம்.